சனிக்கிழமை காலை 10 மணிக்குள்: பிரெஞ்சுக் கிராம வீட்டைக் காலி செய்யும்போது எழும் கேள்விகள்

பிரான்சின் தென்மேற்கில், தோர்தோன் மாவட்டத்தில், சார்லா ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஒரு கல்வீட்டை இரண்டு மூன்று மாதத்துக்கு எடுத்துத் தங்கும் கணவன் மனைவிக்காக எழுதியது இது. இப்படி வாடகைக்கு விடும் வீட்டை அங்கே ‘ஜீத்’ என்பார்கள். வந்து சேர்வதற்கு வழிகாட்ட ஆயிரம் பேர் உண்டு. கிளம்பும் வாரத்தில்தான் முன்பணம் பிடிக்கப்படுவதும், விசா நாள் தவறுவதும், பெட்டியில் இருந்ததைச் சுங்கத்தில் விட்டு வருவதும் நடக்கிறது.

கடைசி வாரத்தை எந்த நாளிலிருந்து திட்டமிடுவது?

சனிக்கிழமையிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஜீத் வாடகை பெரும்பாலும் சனி முதல் சனி வரை. காலை 10 மணிக்குள் வீடு காலியாக வேண்டும், மாலை 4 மணிக்கு அடுத்த குடும்பம் வந்து நிற்கும். நடுவில் உள்ள ஆறு மணி நேரத்தில்தான் வீட்டுக்காரர் துடைத்து, படுக்கை மாற்றி, தோட்டத்தையும் பார்க்கிறார். “ஒரு மணி நேரம் கூட இருந்துக்கலாமா?” என்று சனிக்கிழமை காலையில் கேட்பது அவருக்குத் தலைவலி. புதன்கிழமையே கேட்டால் சில சமயம் கிடைக்கும்.

அடுத்தது கடை நேரம். கிராமத்தில் மதியம் 12 முதல் 2 வரை ஏறக்குறைய எல்லாக் கதவும் சாத்தியிருக்கும். ஞாயிறு மதியத்துக்குப் பிறகு ஒன்றும் இருக்காது, திங்களன்று பல ரொட்டிக் கடைகளுக்கு விடுமுறை, சிற்றூர்த் தபால் நிலையம் காலையில் மட்டும். சார்லா சந்தை கூடுவது புதனும் சனியும். சனிக்கிழமை நீங்கள் பெட்டி ஏற்றிக்கொண்டிருப்பீர்கள், ஆகவே உங்கள் கடைசிச் சந்தை புதன்கிழமைதான். வியாழனில் தபால், தானம் கொடுப்பது எல்லாம் முடியட்டும். வெள்ளியில் சுத்தமும் குப்பையும் பெட்ரோலும். ஆகஸ்ட் 15 போன்ற பொது விடுமுறை இடையில் வந்தால் எல்லாவற்றையும் ஒரு நாள் முன்னே தள்ளுங்கள்.

‘மூன்று மாதம்’ தங்கலாம் என்று நினைத்திருந்தோம். அதுவும் 90 நாளும் ஒன்றா?

ஒன்றல்ல. பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான குறுகிய கால ஷெங்கன் விசாவில் எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள்தான். நுழைந்த நாளும் வெளியேறும் நாளும் இரண்டுமே கணக்கில் சேரும். மே 3 அன்று இறங்கியவருக்கு மே மாதத்தில் 29 நாள், ஜூனில் 30, ஜூலையில் 31, ஆக 90. அவர் ஜூலை 31 நள்ளிரவுக்குள் எல்லைச் சோதனையைத் தாண்டியிருக்க வேண்டும். ‘மே 3, ஆகஸ்ட் 2, சரியாக மூன்று மாதம்’ என்று டிக்கெட் போட்டவர் இரண்டு நாள் கூடுதலாகத் தங்கியவர் ஆகிறார்.

அந்த 180 நாளுக்குள் முன்னதாக இத்தாலிக்கோ ஜெர்மனிக்கோ ஒரு வாரம் போயிருந்தால் அதுவும் சேரும். விசா ஒட்டியில் உள்ள கடைசித் தேதியையும் அனுமதித்த நாள் எண்ணிக்கையையும் தனித்தனியாகப் பாருங்கள், எது முதலில் முடிகிறதோ அதுவே உங்கள் எல்லை. 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் கைரேகையும் முகப்படமும் எடுத்துக் கணினியில் பதியும் முறை படிப்படியாக வந்திருக்கிறது. முத்திரை மங்கலாக இருக்கிறது என்று தப்பிக்கும் காலம் போய்விட்டது.

வீட்டுக்காரர் கடைசியில் வந்து என்ன பார்ப்பார்? முன்பணம் எப்போது திரும்பும்?

‘எத்தா தெ லியு’ என்று ஒரு தாள் உண்டு, வீட்டின் நிலையைப் பதிவு செய்யும் பட்டியல். நுழையும்போது கையெழுத்திட்ட அதே தாளை வைத்துக்கொண்டு அறை அறையாகப் பார்ப்பார். வந்த அன்று நீங்கள் குறித்துக்கொடுக்காத பழைய விரிசல் இப்போது உங்கள் விரிசல். அப்போது எடுத்த படங்கள் இருந்தால் தேதியோடு கைபேசியில் தயாராக வைத்திருங்கள்.

உடைந்த கண்ணாடிக் குவளையை மறைக்க வேண்டாம். நீங்களே முதலில் சொல்லிவிட்டால் பெரும்பாலும் “பரவாயில்லை” என்றே பதில் வரும். பட்டியலில் ஆறு குவளை என்றிருந்து ஐந்து மட்டும் இருப்பதை அவரே எண்ணிக் கண்டுபிடித்தால் பேச்சு வேறு மாதிரிப் போகும். சூப்பர் மார்க்கெட்டில் அதே போன்ற குவளை ஓரிரு யூரோதான்.

முன்பணம் அட்டையில் தடுத்துவைத்த தொகையா, ரொக்கமா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள், திருப்பித் தரும் கெடுவும் அதிலேயே இருக்கும். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அன்றே திரும்ப வாங்கிக்கொள்வது நல்லது. அவர் வர முடியாமல் சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகச் சொன்னால், ஒவ்வோர் அறையையும் அடுப்பு, ஃப்ரிட்ஜ் உட்புறத்தோடு ஒரே வீடியோவாக எடுத்துவிட்டுப் பூட்டுங்கள்.

வாடகையோடு மின்சாரமும் சேர்ந்தது என்றார்கள், இப்போது தனியாகக் கேட்கிறார்களே?

பல ஜீத் ஒப்பந்தங்களில் நாளொன்றுக்கு 8 யூனிட் வரைதான் வாடகையில் அடக்கம். எட்டு வாரம் என்றால் 56 நாள், 448 யூனிட். நீங்கள் தங்கிய நாள்களில் மீட்டர் 612 ஓடியிருந்தால் 164 யூனிட்டுக்கு ஒப்பந்த விலைப்படி கட்ட வேண்டும். வெளிர் பச்சை நிற ‘லின்கி’ மீட்டரில் கூட்டல் குறிப் பொத்தானை அழுத்திக்கொண்டே போனால் அளவுகள் ஒவ்வொன்றாக வரும். சில வீடுகளில் இரவு நேரத்துக்கும் பகல் நேரத்துக்கும் தனித்தனி எண் இருக்கும், இரண்டையும் படமெடுங்கள். வந்த அன்று எடுத்த படம் இல்லாவிட்டால் அவர் சொல்வதுதான் கணக்கு.

சுத்தம் செய்யக் கட்டணம் கட்டிவிட்டோம். அப்படியே விட்டுப் போகலாமா?

கூடாது. அந்தக் கட்டணம் தரையைத் துடைக்கவும் குளியலறையைத் தேய்க்கவும் மட்டும். பாத்திரம் கழுவி அடுக்குவது, ஃப்ரிட்ஜைக் காலி செய்வது, குப்பையை வெளியேற்றுவது, படுக்கை விரிப்பைக் கழற்றி ஒரே குவியலாக வைப்பது, அடுப்பைத் துடைப்பது இதெல்லாம் உங்கள் வேலை. மெத்தையின் மேலுறையைக் கழற்ற வேண்டாம்.

பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் சிக்கனச் சுற்று மூன்று மணி நேரம் வரை ஓடும். சனிக்கிழமை காலை காபிக்குப் பிறகு போட்டால் ஈரப் பாத்திரத்தோடு மாட்டிக்கொள்வீர்கள். வெள்ளி இரவே ஓட விட்டு, காலையில் இரண்டு குவளையைக் கையால் கழுவிக்கொள்வது மேல்.

சமையல் மேடையிலும் விரிப்பிலும் மஞ்சள் கறை. எப்படிப் போக்குவது?

நம்மவர் தங்கிய வீட்டில் முன்பணம் குறைவதற்கு முதல் காரணமே இதுதான். நல்ல வேளையாக, மஞ்சளின் நிறப்பொருளுக்கு வெயில் ஆகாது. அதை வைத்தே வேலையை முடிக்கலாம், ஆனால் வெயிலுக்கு இரண்டு மூன்று நாள் தேவை. செவ்வாய் அல்லது புதனில் தொடங்குங்கள், வெள்ளியில் தொடங்கினால் நேரம் போதாது.

வெள்ளைப் பலகை மேடைக்கு: இரண்டு ஸ்பூன் சமையல் சோடாவில் ஒரு ஸ்பூன் நீர் விட்டுக் குழைத்துப் பூசி, அரை மணி நேரம் கழித்து ஈரத்துணியால் துடைக்கவும். நாரால் தேய்த்தால் பளபளப்பு போய், கறையை விட அசிங்கமாகத் தெரியும். மிச்சமுள்ள மஞ்சள் நிழலுக்கு ஜன்னல் கதவைத் திறந்து வெயில் விழ விடுங்கள்.

வெள்ளைப் பருத்தி விரிப்புக்கு: சூப்பர் மார்க்கெட்டில் சலவைத்தூள் வரிசையில் ‘பெர்கார்போனாத்’ என்ற வெள்ளைத் தூள் கிடைக்கும். லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி, 60 டிகிரி வெந்நீரில், இரண்டு மணி நேரம் ஊறட்டும். 40 டிகிரிக்குக் கீழே அது வேலையே செய்யாது. போட்டவுடன் கறை சிவக்கும், பயப்பட வேண்டாம். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பது போலத்தான் இதுவும், காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். அலசியபின் கறை பட்ட பக்கம் மேலே இருக்க வெயிலில் காயப் போடுங்கள். கம்பளி, பட்டு, சாயத்துணிக்கு இது ஆகாது.

சுண்ணாம்புக் கல்லால் ஆன மேடை அல்லது பழைய கல்தொட்டி என்றால் எலுமிச்சை, வினிகர், புளி எதுவும் படக்கூடாது. கல் அரித்து மங்கிப்போகும், அது திரும்ப வராது. கறை படிந்த மரக் கரண்டிக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் கரண்டிக்கும் மெனக்கெட வேண்டாம், புதிது வாங்கி வைத்துவிடுங்கள்.

மீந்த எண்ணெயையும் குழம்பையும் தொட்டியில் ஊற்றலாமா?

கிராமத்து வீடுகள் பலவற்றில் பாதாளச் சாக்கடை இல்லை, தோட்டத்தில் புதைத்த மலத்தொட்டிதான். அதிலுள்ள நுண்ணுயிரிகள்தான் கழிவைக் கரைக்கின்றன. எண்ணெய் போனால் மேலே கொழுப்பு கட்டியாகி வெளியேறும் குழாயை அடைக்கும். பிளீச்சிங் திரவம் ஊற்றினால் நுண்ணுயிரி செத்துப்போகும். ஈரத்துடைப்பான் தாள் எத்தனை ‘கரையும்’ என்று எழுதியிருந்தாலும் கரையாது.

பொரித்த எண்ணெயை ஆற வைத்து, காலியான நீர் பாட்டிலில் ஊற்றி மூடி, சாதாரணக் குப்பையில் போடுங்கள். ஐந்து லிட்டர் அளவுக்குச் சேர்த்திருந்தால் வட்டாரக் கழிவு மையத்துக்கு. குழம்புப் பாத்திரத்தைக் காகிதத்தால் வழித்தபிறகு கழுவுங்கள்.

குழாயிலும் ஷவரிலும் வெள்ளைப் படிவு இருக்கிறது. அதுவும் எங்கள் கணக்கிலா?

தோர்தோன் பகுதியின் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், இரண்டு மாதத்தில் படியத்தான் செய்யும். வெள்ளை வினிகரில் நனைத்த துணியைக் குழாய் மேல் சுற்றி ஒரு மணி நேரம் விட்டால் கரைந்துவிடும். வினிகரையும் பிளீச்சிங் திரவத்தையும் ஒன்றாக்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

குப்பையை எந்தத் தொட்டியில், எப்போது?

மஞ்சள் தொட்டி உறைகளுக்கு: பிளாஸ்டிக், டப்பா, அட்டை, காகிதம். கழுவத் தேவையில்லை, காலியாக இருந்தால் போதும். ஒன்றுக்குள் ஒன்றைத் திணிக்காமல் தனித்தனியாகப் போடுங்கள். கண்ணாடி பாட்டிலும் ஊறுகாய் ஜாடியும் ஊர் முனையில் நிற்கும், கண்ணாடி சேகரிக்கும் தூண் போன்ற தொட்டிக்கு, மூடி கழற்றியபின். உடைந்த குவளை, பீங்கான், அடுப்பில் வைக்கும் கண்ணாடிப் பாத்திரம் அதில் சேராது, அவை வேறு வெப்பத்தில் உருகுபவை, சாதாரணக் குப்பைக்குப் போகட்டும்.

தோர்தோனில் பல இடங்களில் பொதுத் தொட்டியைத் திறக்க வீட்டுக்காரரின் அட்டை வேண்டும். சனிக்கிழமை காலை சாவியோடு அட்டையையும் கொடுத்துவிட்டு, கையில் மூன்று மூட்டையோடு நிற்பவர்கள் உண்டு. வெள்ளி மாலையே முடித்து, கடைசிச் சிறு மூட்டையை மட்டும் காலைக்கு வையுங்கள்.

மீந்த அரிசி, பருப்பு, துணி, மருந்தை என்ன செய்வது?

திறக்காத பொட்டலங்களையும் நல்ல நிலையில் உள்ள பொருள்களையும் ‘எமாயுஸ்’ போன்ற தொண்டு நிலையங்கள் வாங்கிக்கொள்ளும், அவை திறக்கும் நாளை முன்கூட்டிப் பாருங்கள். துணிக்கு ஊரோரத்தில் தனிப் பெட்டி நிற்கும், கட்டிய பையில் போட வேண்டும். மருந்தைப் பச்சைச் சிலுவை போட்ட எந்த மருந்துக்கடையிலும் கொடுக்கலாம், மாத்திரை அட்டையை மட்டும் கொடுத்து, காகிதப் பெட்டியை மஞ்சள் தொட்டியில் போடுங்கள். திறந்த மசாலா டப்பாக்களை வீட்டுக்காரருக்கு என்று விட்டுப்போவது அன்பு போலத் தெரியும், அவருக்கு அது சுத்தம் செய்ய இன்னொரு வேலை.

அந்தப் பகுதிப் பொருள்களில் எதைப் பெட்டியில் வைக்கலாம்?

வாத்துக் கல்லீரலான ‘ஃபுவா க்ரா’ பெரிகோர் (தோர்தோனின் பழைய பெயர்) பகுதியின் பெருமை, சந்தையில் ஒவ்வொரு மேசையிலும் ஜாடி அடுக்கியிருக்கும். இந்தியா அதன் இறக்குமதியை 2014 முதல் தடை செய்திருக்கிறது. வாங்காதீர்கள், அங்கேயே சாப்பிட்டுவிட்டு வாருங்கள். இறைச்சி, பால் பொருள், விதை, செடி, பழம் ஆகியவற்றை இந்தியச் சுங்க அறிவிப்புப் படிவம் தனியாகவே கேட்கிறது. 35 கிராம் வில்லையாக விற்கும் ரொக்கமதூர் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் இதில் வரும். ஓட்டோடு உள்ள வால்நட்டை விட வால்நட் எண்ணெய் சிக்கல் குறைந்தது. கண்ணாடி பாட்டிலைத் தவிர்த்துத் தகர டப்பாவில் வாங்குங்கள், வெளிச்சமும் சூடும் பட்டால் சிக்கு வாடை வந்துவிடும்.

மது ஆளுக்கு 2 லிட்டர் வரை வரியில்லை. இருவர் பங்கையும் ஒன்றாகக் கூட்ட முடியாது. 75 செ.லி. பாட்டில் என்றால் ஆளுக்கு இரண்டு, ஆக நான்கு. ‘நாலு லிட்டருக்கு ஐந்து பாட்டில்’ என்ற கணக்குச் செல்லாது.

காரில் இங்கிலாந்து திரும்புகிறவர்களுக்கு விதி வேறு. 2025 ஏப்ரல் 12 முதல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து மாடு, ஆடு, பன்றி இறைச்சியும் பால் பொருள்களும் கொண்டுசெல்லக் கூடாது. வாத்து அந்தப் பட்டியலில் இல்லை, ஆனால் அரைத்த இறைச்சி விழுதான ‘பாதே’ ஜாடிகள் பலவற்றில் பன்றி இறைச்சி கலந்திருக்கும், சீட்டைப் படியுங்கள். சாதா ஒயின் ஆளுக்கு 18 லிட்டர் வரை வரியில்லை.

கைப்பையில் ஜாம், தேன், கடுகு விழுது எல்லாமே ‘திரவம்’தான். 100 மி.லி.க்கு மேல் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் போய்விடும்.

பொருளுக்குக் கட்டிய வரியைத் திரும்ப வாங்குவது பலன் தருமா?

பொருளைப் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால் ‘தெத்தாக்ஸ்’ படிவம் கேட்கலாம், கொடுக்க வேண்டிய கட்டாயம் கடைக்காரருக்கு இல்லை. உணவுக்கு வரியே 5.5 சதவீதம்தான், கழிவு போக மிஞ்சுவது சில்லறை. சந்தை மேசையில் படிவமும் இருக்காது. நோந்த்ரோன் ஊர்க் கத்தி, பைகள், கடிகாரம் போன்ற 20 சதவீத வரிப் பொருளுக்கு அலையலாம்.

விமான நிலையத்தில் ‘பாப்லோ’ என்ற இயந்திரத்தில் படிவத்தைக் காட்டிப் பச்சை வந்தால் முடிந்தது. சிவப்பு வந்தால் சுங்க அதிகாரி பொருளைப் பார்க்கக் கேட்பார். கத்தியைக் கைப்பையில் கொண்டுபோக முடியாது, பெட்டியைக் கொடுத்துவிட்டால் காட்ட முடியாது. அதனால் முதலில் பாப்லோ, பிறகுதான் பெட்டி ஒப்படைப்பு. பிராங்க்பர்ட் போன்ற வேறு ஒன்றிய நாட்டின் வழியாகப் பறந்தால், ஒன்றியத்தை விட்டு வெளியேறும் கடைசி நிலையத்தில்தான் முத்திரை.

வாடகைக் காரைத் திருப்பித் தரும்போது எங்கே பணம் போகும்?

நான்கு இடங்களில். முதலாவது எரிபொருள். காரைத் திருப்பித் தரும் நிலையத்தை ஒட்டிய பெட்ரோல் பங்குகளில் விலை கூடுதல், 20 கி.மீ. முன்பே சூப்பர் மார்க்கெட் பங்கில் நிரப்பி ரசீதை வைத்திருங்கள். ஆளில்லாப் பங்குகள் அட்டையில் 100 யூரோவுக்கு மேல் தற்காலிகமாகப் பிடித்துவைக்கும், டெபிட் அட்டை என்றால் அது விடுபடச் சில நாள் ஆகலாம். முடிந்தால் காசாளர் இருக்கும் நேரத்தில் போங்கள். பம்பில் வட்டக் குறி பெட்ரோல், சதுரக் குறி டீசல். மலிவாக இருக்கிறதே என்று எத்தனால் கலந்த ஈ85 எடுக்காதீர்கள், சாதாரண காருக்கு அது ஆகாது. தவறாக ஊற்றிவிட்டால் சாவியைத் திருப்பவே வேண்டாம், உதவி எண்ணை அழையுங்கள்.

இரண்டாவது கண்ணாடி. கோடையில் கிராமச் சாலைகளில் தாரின் மேல் பொடிக்கல் தூவி விடுவார்கள், முன்னால் போகும் வண்டி தெறித்துவிடும் கல்லில் கண்ணாடி கீறும். மூன்றாவது, உள்ளே வைக்கோல், மண், சமையல் வாசனை. நான்காவது, மூடிய நேரத்தில் சாவியைப் பெட்டியில் போடுவது. நிலையம் திறந்து யாராவது பார்க்கும் வரை வண்டிக்கு நீங்களே பொறுப்பு. நான்கு பக்கத்தையும் நான்கு சக்கரத்தையும் படமெடுங்கள், கிலோமீட்டரும் எரிபொருள் முள்ளும் தெரியும்படி இன்னொரு படம், அது போதும்.

பாரிஸ் விமானத்துக்குச் சனிக்கிழமையே போய்ச் சேரலாமா?

சேரலாம், அன்றே பறப்பது நல்லதல்ல. ஜூலை, ஆகஸ்ட் சனிக்கிழமைகளில் பாதி பிரான்ஸ் ஊர் மாறும். ‘பிசோன் ஃப்யூத்தே’ என்ற அரசுச் சாலை முன்னறிவிப்பு பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என்று நாளைக் குறிக்கும். சிவப்பு நாளில் சார்லாவிலிருந்து பாரிஸ் வரையுள்ள சுமார் 530 கி.மீ.க்கு எட்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். ஏ20 நெடுஞ்சாலையில் பிரீவ் தாண்டி வியர்ஸோன் வரை சுங்கம் இல்லை, அதன்பின் பாரிஸ் வரை உண்டு. சனி இரவு நிலையத்தருகே தங்கி ஞாயிறு பறப்பது நிம்மதி.

ரயில் என்றால் சார்லாவிலிருந்து போர்தோ வரை உள்ளூர் வண்டி, அங்கிருந்து அதிவேக ரயிலில் பாரிஸுக்கு இரண்டு மணி நேரம் சொச்சம். சில அதிவேக ரயில்கள் நேரே சார்ல் த கோல் விமான நிலையத்துக்கே போகும், பாரிஸில் நிலையம் மாறும் அலைச்சல் மிச்சம். கதவு புறப்பாட்டுக்கு 2 நிமிடம் முன்பே மூடும். பெட்டிகளில் பெயர்ச்சீட்டு கட்டாயம். வேலைநிறுத்தம் அறிவித்திருந்தால், ஓடும் வண்டிப் பட்டியல் முந்தின நாள் மாலை 5 மணிக்கு வரும்.

ஊர் திரும்பியபின் வேக அபராதம் வருமா?

வரும். ஊர்ப்பெயர்ப் பலகை தாண்டினாலே 50, எண் எழுதியிருக்காது. தடுப்பில்லாத இருவழிச் சாலையில் பொதுவாக 80. கார் நிறுவனம் உங்கள் விலாசத்தைக் கொடுத்துவிட்டு அதற்கே ஒரு கட்டணம் பிடிக்கும், அது அபராதம் அல்ல, அபராதம் தபாலில் தனியாக வரும். சீக்கிரம் கட்டினால் 135 யூரோ 90 ஆகும்.

அக்கம்பக்கத்தாரிடம் எப்படி விடைபெறுவது?

வியாழன் மாலை ஆறரை ஏழுக்கு ‘அப்பெரோ’வுக்கு, அதாவது இரவுச் சாப்பாட்டுக்கு முன் சேர்ந்து கொஞ்சம் குடித்துக் கொறிப்பதற்கு, கூப்பிடுங்கள். மிக்சர், வெங்காயப் பக்கோடா, ஒரு பாட்டில் மோன்பசியாக் ஒயின், அவ்வளவு போதும், சாப்பாடு எதிர்பார்க்க மாட்டார்கள். அழைக்கப்பட்டவர் நீங்கள் என்றால் பத்து நிமிடம் தாமதமாகப் போவதுதான் மரியாதை. பூ கொண்டுபோனால் சாமந்தி வேண்டாம், அங்கே அது கல்லறைப் பூ.

கணப்படுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டிவிட்டுப் போகவா?

கடைசித் தீ வியாழன் இரவோடு போதும். மேலே ஆறியது போல இருந்தாலும் சாம்பலுக்குள் கங்கு ஒரு நாளுக்கு மேல் இருக்கும், பிளாஸ்டிக் தொட்டியில் கொட்டினால் தீப்பிடிக்கும். மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி, கல்தரையில் வெளியே வைத்துவிடுங்கள்.

கிளம்பும் காலையில் எந்த வரிசையில் பூட்டுவது?

மாடியிலிருந்து கீழே. ஒவ்வோர் அறையிலும் மின்செருகியைப் பாருங்கள், மறந்துபோகும் பொருளில் சார்ஜர்தான் முதல். மரக் கதவுகளை மூடிக் கொக்கி போடுங்கள், காற்றடித்தால் கீல் பிய்ந்துவிடும். ஃப்ரிட்ஜை அணைக்கவா வேண்டாமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டே செய்யுங்கள், அணைத்தால் கதவிடுக்கில் துண்டு வைத்துத் திறந்து விட வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சணம். நீச்சல் குளத்தின் மூடியையும் வேலிக் கதவையும் கடைசியாக ஒருமுறை இழுத்துப் பாருங்கள். மீட்டரைப் படம் எடுத்தபிறகு வாசல் கதவு, அதன்பின் சாவிப் பெட்டி. பெட்டிப் பூட்டின் எண்களைக் கலைத்துவிட்டு, பெட்டி மூடியிருக்கிறதா என்று தட்டிப் பார்த்தபிறகு காரில் ஏறுங்கள்.